கவாத்துக் கத்தியில் பிறந்த சொல்

சொற்கள் வந்த வழி – 11

கி.மு. 199-இல் கார்த்தேஜ் நகரத்தார் ரோமுக்கு வெள்ளி கொண்டுவந்தார்கள். தங்கள் தளபதி ஹானிபால் தோற்ற பிறகு எழுதிய ஒப்பந்தப்படி 10,000 தாலந்து வெள்ளியை 50 ஆண்டுகளில் கட்டித் தீர்க்க வேண்டும். ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. ஆண்டுக்கு 200 தாலந்து. அதில் இது முதல் தவணை. ரோமின் கருவூல அதிகாரிகள் வந்த வெள்ளியை அப்படியே வாங்கி உள்ளே வைத்துவிடவில்லை. உலையில் போட்டு உருக்கிப் பார்த்தார்கள். நாலில் ஒரு பங்கு கசடாகப் போயிற்று. வந்தவர்கள் வேறு வழியில்லாமல் ரோமிலேயே கடன் வாங்கிக் குறையை ஈடுகட்டினார்கள். வரலாற்றாசிரியர் லிவி இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

கார்த்தேஜோடு ரோம் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வெள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு அடைமொழிகள் இருந்தன. ஒன்று 'பூருஸ்'. தூய்மையானது என்று பொருள். நெய் டப்பாவில் 'பியூர்' என்று படிக்கிறோமே, அதற்கு மூலம் இதுதான். அதை ஒட்டியே 'புட்டுஸ்' என்று இன்னொன்று. அல்ஃபேனஸ் என்ற சட்ட அறிஞர், இந்த இரண்டாவது சொல்லுக்குத் தனிப் பொருள் கிடையாது, அழுத்தத்துக்காகச் சேர்த்தது என்றார். நாம் 'சுத்தபத்தம்' என்று சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பல தலைமுறை கழித்து, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலஸ் கெல்லியஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏதென்ஸ் பக்கத்துக் குளிர்கால இரவுகளில் தான் படித்ததையும் கேட்டதையும் குறித்துவைக்கத் தொடங்கி, 'ஆட்டிக் இரவுகள்' என்று பெயரிட்டு ஒரு பெரிய நூலாக்கியவர் அவர். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

கெல்லியஸ் சொல்வது இது. 'புட்டாரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. எந்தப் பொருளிலும் மிகையானதை, வேண்டாததை, அந்நியமானதை வெட்டிக் கழித்து, பயனுள்ளதை மட்டும் நிறுத்திவைப்பதற்கு முன்னோர்கள் அதைச் சொன்னார்கள். மரத்துக்கும் கொடிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கணக்குக்கும் அப்படியே. கசடு கழிந்த வெள்ளியும் அதனால்தான் 'புட்டுஸ்'. அதோடு அவர் நிற்கவில்லை. 'நான் நினைக்கிறேன்' என்பதற்கு ரோமானியர் 'புட்டோ' என்று சொல்வார்கள். அதுவும் இதே வினைதான் என்கிறார். விளங்காத ஒரு விஷயத்தில் பொய்யான கருத்துகளை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளி, உண்மை என்று தோன்றுவதை மட்டும் வைத்துக்கொள்வதைத் தவிர நினைப்பது வேறென்ன என்று கேட்கிறார்.

இந்த அத்தியாயத்தை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொடி, கணக்கு, வெள்ளி, எண்ணம் நான்குக்கும் ஒரே வினை. இந்த வாரம் அந்த வினையின் கதை. நம் மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கு நடுவில் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பது அதுதான்.

கத்தியிலிருந்து தொடங்குவோம். திராட்சைக் கொடியின் குணம் தெரியாமல் இந்தச் சொல் பிடிபடாது. திராட்சை பழைய முரட்டுத் தண்டில் காய்க்காது. போன பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் கணுவிலிருந்து இந்தப் பருவம் ஒரு தளிர் கிளம்புகிறதே, அதில்தான் குலை பிடிக்கும். வெட்டாமல் விட்டால் கொடி தன் சத்தையெல்லாம் இலையிலும் நீளத்திலும் செலவழித்துவிடும், காய் சிறுத்துப்போகும். எந்தக் கிளையை, எத்தனையாவது கணுவுக்கு மேல் வெட்டுவது என்பதில்தான் அடுத்த வெள்ளாமை முழுவதும் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடந்த காலையில் நான் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் வரை நிழல் கட்டியிருந்த பந்தல், உச்சி வெயிலுக்குள் வெறும் குச்சிக் காடாக ஆகிவிட்டது. வெட்டுவாயில் கண்ணாடி மாதிரி நீர் திரண்டு சொட்டியது. கத்தரியோடு நின்ற பெரியவரிடம், இவ்வளவையும் வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். "பாவம் பாத்து ரெண்டு கணு கூட விட்டோம்னா இலைதான் சாமி வரும், காய் வராது" என்றார். வெட்டும்போது அவர் கை ஒவ்வொரு கிளையிலும் ஒரு நொடி நின்றது. விரலால் கணுவைத் தடவி எண்ணினார். பிறகுதான் கத்தரி நகர்ந்தது. அந்த ஒரு நொடியில் புட்டாரே என்ற சொல்லின் மூன்று பொருளும் இருந்ததாக எனக்குப் படுகிறது. எண்ணுகிறார், முடிவெடுக்கிறார், வெட்டுகிறார்.

ரோமானியக் கவாத்துக்காரனின் கையில் கத்தரி கிடையாது. கத்திதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்பெயினின் காடிஸ் நகரத்தில் பிறந்து, வேளாண்மை பற்றி 12 புத்தகங்கள் எழுதிய கொலுமெல்லா, நான்காவது புத்தகத்தில் இந்தக் கத்தியை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். பிடியை ஒட்டி நேராக இருக்கும் விளிம்புக்குக் கத்தி என்றே பெயர். அதற்கு மேல் உள்நோக்கி வளையும் பகுதி மடி. வளைவைத் தாண்டி நீளும் விளிம்பு உளி. கொக்கிபோல் முன்னால் வளைந்திருப்பது அலகு. முதுகுப் பக்கம் பிறை வடிவில் புடைத்திருப்பது கோடரி. அதிலிருந்து முன்னே நீட்டிக்கொண்டிருப்பது முனை. ஒரே கருவியில் ஆறு ஆயுதம். கையைத் தன்னிலிருந்து வெளியே தள்ளி வெட்டும்போது கத்தி, தன் பக்கம் இழுத்து அறுக்கும்போது மடி, வெட்டுவாயை மழமழப்பாக்க உளி, குடைந்தெடுக்க அலகு, காய்ந்த முரட்டுத் தண்டை அடித்துத் துண்டிக்கக் கோடரி, இண்டு இடுக்கைச் சுத்தம் செய்ய முனை.

அதோடு ஓர் அறிவுரை. பெரும்பாலான வேலையை ஓங்கி வெட்டிச் செய்யாதே, இழுத்து அறுத்துச் செய் என்கிறார். ஓங்கி வெட்டுகிறவன் கை குறி தப்பும், ஒரு காயத்துக்கு நாலு காயம் படும், தண்டு சிதறும், அதில் தண்ணீர் இறங்கி அழுகும். இழுத்து அறுத்தால் காயம் வழவழவென்று இருக்கும், சீக்கிரம் மூடிக்கொள்ளும். இதைப் படிக்கும்போது கொலுமெல்லா தானே கொடிக்கு முன்னால் குனிந்து நின்றவர் என்று தெரிகிறது. ஏட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்கு இந்த நுணுக்கம் வராது.

இனிக் கணக்கு. கொலுமெல்லாவுக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியவர் மார்க்கஸ் போர்க்கியஸ் கேட்டோ. கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்தவர். அவர் எழுதிய வேளாண்மை நூல்தான் லத்தீனில் முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உரைநடை. அதன் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. பட்டணத்தில் இருக்கும் பண்ணையார் தன் நிலத்துக்கு வருகிறார். முதலில் வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடுகிறார். முடிந்தால் அன்றைக்கே நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மறுநாள் பண்ணைக் காரியஸ்தனைக் கூப்பிடுகிறார். அவனும் அடிமைதான். என்ன வேலை முடிந்தது, என்ன பாக்கி, எவ்வளவு திராட்சை ரசம், எவ்வளவு தானியம் என்று கேள்விகள் வருகின்றன. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டால் வேலை போதவில்லை. காரியஸ்தன் தான் பாடுபட்டதாகச் சொல்கிறான். ஆட்களுக்கு உடம்பு சரியில்லை, மழை பெய்தது, சிலபேர் ஓடிவிட்டார்கள் என்கிறான். மழை நாளிலும் செய்திருக்கக்கூடிய வேலைகள் இவை இவை என்று பண்ணையார் ஒரு பட்டியல் போடுகிறார்: ரசத் தொட்டிகளைக் கழுவலாம், தானியத்தை இடம் மாற்றலாம், எருவை வெளியே எடுத்துப் போடலாம். இதெல்லாம் முடிந்த பிறகு, காசுக் கணக்கு, தானியக் கணக்கு, தீவனக் கணக்கு, ரசக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறார் கேட்டோ. விற்றது எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு. இப்படிக் கணக்குப் பார்ப்பதற்கு அவர் எழுதிய வினை: புட்டாரே. அதே நூலில் சில அத்தியாயங்கள் தள்ளி, மரத்தையும் கொடியையும் கவாத்து செய்வதற்கும் எழுதுகிறார்: புட்டாரே.

அவருக்கு இது உவமையாகப் பட்டிருக்காது. 'கணக்கை நேர் பண்ணு', 'கணக்கைத் தீர்' என்று நாம் சொல்லும்போது நமக்கு எதுவும் உவமையாகப் படுவதில்லை அல்லவா, அதுபோல. வரவில் செலவைக் கழி, கடனைக் கழி, வீணைக் கழி. கடைசியில் மிச்சம் நிற்பது தூய தொகை.

இதே பத்தியின் முடிவில் கேட்டோ இன்னொன்றையும் சொல்கிறார். அதை விட்டுவிட்டு மேலே போக என்னால் முடியவில்லை. கணக்கு முடிந்ததும் மிகையானதை விற்றுவிட வேண்டும் என்று ஒரு பட்டியல்: கிழட்டு எருதுகள், நோய்ப்பட்ட ஆடுகள், ஆட்டு ரோமம், தோல், பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை. எருதுக்கும் வண்டிக்கும் பக்கத்தில், அதே வரிசையில், மனிதர்கள். அவன் இளமையெல்லாம் அந்தக் கொடிகளைக் கவாத்து செய்து கழிந்திருக்கும். கை தளர்ந்ததும் அவனும் வெட்டிக் கழிக்க வேண்டிய கிளை. பிற்காலத்தில் கேட்டோவின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் இந்த இடத்தில் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டார். தனக்காக உழைத்து மூப்படைந்த எருதைக்கூடத் தான் விற்க மாட்டேன், மனிதனை எப்படி விற்பது என்று எழுதினார்.

சேர்த்துப் பார்ப்பதைக் குறிக்கும் ஒரு முன்னொட்டு முன்னால் வந்து 'கம்புட்டாரே' பிறந்தது. பல கணக்குகளை ஒன்றுசேர்த்து முடிப்பது அதன் பொருள். பிரிப்பதைக் குறிக்கும் முன்னொட்டு சேர்ந்து 'டிஸ்புட்டாரே'. நாடக ஆசிரியர் பிளாட்டஸின் 'ஆலுலாரியா' என்ற நகைச்சுவை நாடகத்தில், வட்டிக்கடைக்காரனோடு உட்கார்ந்து கணக்கை இனம் இனமாகப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்தச் சொல் வருகிறது. வட்டிக்கடைக்காரன் எதிரே உட்கார்ந்து கணக்கைப் பிரித்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல் மெதுவாக வாதம் என்றும், பிறகு வழக்கு என்றும் பொருள் மாறிக்கொண்டே போனது. கணக்கு வழக்கு என்று நாம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

கணக்கிலிருந்து எண்ணத்துக்குச் சொல் எப்படித் தாவியது? தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம்மிடம் 'எண்ணு' என்ற ஒரே வினை இரண்டையும் செய்கிறது. காசையும் எண்ணுகிறோம், நல்லதையும் எண்ணுகிறோம். எண்ணிக்கை ஒரு பக்கம், எண்ணம் ஒரு பக்கம். எண்ணு என்னும் சொல்லில் நினைப்பவன் ஒவ்வொன்றாகத் தொட்டு அடுக்கிக்கொண்டே போகிறான். புட்டாரேயில் நினைப்பவன் கழித்துக்கொண்டே போகிறான். அந்தப் பொருளுக்கு நம்மிடம் அதைவிட நெருக்கமான சொல் 'அலசு'. துணியைத் தண்ணீரில் அலசி அழுக்கைப் போக்குகிறோம், பிரச்சினையையும் அலசுகிறோம். ரோமானியன் கொடியருகே கண்டதை நாம் துறையில் கண்டிருக்கிறோம்.

நினைப்பதற்கு லத்தீனில் இருக்கும் மற்றச் சொற்களும் இப்படிக் கைவேலையிலிருந்து வந்தவைதான். 'கோகிட்டாரே' என்றால் மந்தையைப்போல் ஒன்றாகத் திரட்டி ஓட்டுவது. 'பென்சாரே' தராசில் நிறுப்பது. நாம் சீர்தூக்கிப் பார்ப்பது என்போம். 'கெர்னரே' சல்லடையில் சலிப்பது. 'ஐஸ்டிமாரே' விலை மதிப்பது; எஸ்டிமேட் என்று இன்றைக்கும் கொத்தனாரிடம் கேட்கிறோம். இத்தனை சொற்களுக்கு நடுவில் புட்டாரேவுக்கு என்று ஒரு தனி இடம் இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாததை, ஆனால் தன்னளவில் இதுதான் என்று தோன்றுவதைச் சொல்லும்போது 'புட்டோ' வந்தது. நாளாக நாளாக அதன் கூர் மழுங்கியது. கி.பி. 79-இல் பேரரசர் வெஸ்பாசியன் நோயில் கிடந்தார். இறந்த பேரரசர்களைத் தெய்வமாக அறிவிப்பது ரோமின் வழக்கம். தான் தெய்வமாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்று அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அங்கே 'தோன்றுகிறது' என்ற இடத்தில் வருவது புட்டோ. சாகக் கிடக்கும் கிழவரின் வாயில் அது வெறும் 'போலிருக்கு' ஆகிவிட்டது. கத்தியும் இல்லை, கொடியும் இல்லை.

சொல்லின் வேரைத் தேடியவர்களில் கெல்லியஸ் முதலாமவர் அல்ல. அவருக்கு முன்பே வாரோ இதைத் தொட்டிருக்கிறார். லத்தீன் மொழி பற்றி 25 புத்தகங்கள் எழுதியவர்; ஐந்து முதல் பத்து வரை உள்ளவைதான் மிஞ்சின. எண்பது வயதை எட்டும்போது, மனைவி வாங்கியிருந்த நிலத்துக்காக வேளாண்மை நூலும் எழுதியவர். கொடியும் தெரியும், இலக்கணமும் தெரியும். புட்டாரே என்றால் தூய்மைப்படுத்துவது, கவாத்துக்காரன் மரத்தைத் தூய்மையாக்குகிறான், கணக்கில் தொகை தூய்மையாகிறது என்பது அவர் விளக்கம்.

இக்கால மொழியியலாளர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் வாரோவின் வழியில் போய், சமஸ்கிருதத்தில் தூய்மைப்படுத்துவதைக் குறிக்கும் 'பூ' என்ற வேரோடு இதைச் சேர்க்கிறார்கள். 'பவித்திரம்' அந்த வேரிலிருந்து வந்தது. நாம் தமிழாக்கிக்கொண்ட 'புனிதமும்' அப்படியே. அப்படியானால் புனிதமும் கம்ப்யூட்டரும் தூரத்துப் பங்காளிகள். மறு சாரார், பூருஸில் உகரம் நெடில், புட்டாரேயில் குறில், இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்கிறார்கள். அவர்கள் இதை 'பவீரே' என்ற வினையோடு சேர்க்கிறார்கள்: அடிப்பது, இடித்துக் கெட்டிப்படுத்துவது. அடித்துக் கெட்டிப்படுத்திய தரைக்கு ரோமானியர் வைத்த பெயர்தான் நம் தெருவோரப் 'பேவ்மென்ட்'. இந்த வழியில் போனால் முதல் பொருள் தூய்மை அல்ல, வெட்டு. எனக்கு மனசு வாரோ பக்கம் சாய்கிறது. ஆனால் அந்தக் குறில் லேசில் தள்ளிவிடக் கூடியதில்லை. வாயில் ஒலி எப்படி நடந்ததோ அதுதான் சொல்லின் உண்மையான தடம். பொருள் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக ஒலியை வளைக்கக் கூடாது.

அதன் பிள்ளைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சுற்றிலும் வெட்டுவது 'ஆம்புட்டாரே'; மரக்கிளைக்குச் சொன்னது, பின்னாளில் மருத்துவமனையில் காலை எடுப்பதற்கு 'ஆம்புடேஷன்' ஆயிற்று. ஒருவர் பேரில் பற்று எழுதுவது 'இம்புட்டாரே'. அடிமை ஒனேசிமு பட்ட கடன் ஏதும் இருந்தால் தன் பேரில் எழுதிக்கொள்ளும்படி பிலேமோனுக்குப் பவுல் எழுதும் இடத்தில் லத்தீன் விவிலியம் இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது 'ரெபுட்டாரே'. அதிலிருந்து வந்தது 'ரெபுடேஷன்', ஒருவரைப் பற்றி ஊர் வைத்திருக்கும் கணிப்பு. வேலைக்கென்று ஒதுக்கி விடுவது 'டெபுட்டாரே'. 'டெபுடேஷன்ல போயிருக்கார்' என்று நம் அலுவலகங்களில் சொல்கிறார்களே, அது. கம்புட்டாரே பிரான்ஸ் நாட்டுக்குள் போய் வாயில் தேய்ந்து, ஆங்கிலத்துக்குள் 'கவுண்ட்' ஆக நுழைந்தது. பேங்க் அக்கவுண்ட், ஜவுளிக்கடை டிஸ்கவுண்ட், ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டர் மூன்றும் அதன் குடும்பம். ஸ்பானிய மொழியில் 'கொந்தார்' என்றால் எண்ணுவதும் அதுதான், கதை சொல்வதும் அதுதான்.

தாய்ச்சொல்லுக்கு என்ன ஆனது? நினைப்பது என்ற பொருளில் புட்டாரே மக்கள் வாயிலிருந்து மறைந்துவிட்டது. அந்த இடத்தைத் தராசிலிருந்து வந்த பென்சாரே பிடித்துக்கொண்டது; பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் நினைப்பதற்கு இன்று அதன் வாரிசுகள்தான். ஆனால் திராட்சைத் தோட்டத்தில் அது சாகவில்லை. குளிர்காலத்தில் கொடியருகே குனியும் ஸ்பானியன் 'போதார்' என்கிறான், இத்தாலியன் 'பொதாரே' என்கிறான். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் நின்ற பொருள் போயிற்று. கேட்டோவின் அடிமை கையில் இருந்த பொருள் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்திருக்கிறது.

படித்தவர்களின் லத்தீனில் கம்புட்டாரேக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. கிறித்தவ உலகத்துக்கு ஈஸ்டர் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். வசந்தகாலச் சமநாளை ஒட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. சூரியனும் நிலவும் வாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று சக்கரங்கள். 235 சந்திர மாதங்கள் ஏறக்குறைய 19 சூரிய ஆண்டுகளுக்குச் சமம் என்பதை வைத்து அதைக் கணித்தார்கள். அந்தக் கலைக்குக் 'கம்புட்டுஸ்' என்று பெயர். 525-இல் ரோமில் டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி ஈஸ்டர் அட்டவணை போட்டபோது, ஆண்டுகளைக் கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து எண்ணினார். இன்றைக்குக் காசோலையில் நாம் எழுதும் ஆண்டு அந்த அட்டவணையிலிருந்து வந்தது.

200 ஆண்டு கழித்து, 725-இல், இங்கிலாந்தின் வடகோடியில் ஜாரோ மடத்தில் இருந்த பீட் என்ற துறவி காலக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் முதல் அத்தியாயம் விரல்களைப் பற்றியது. ஒன்று என்று சொல்ல, இடது கைச் சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கையின் நடுவில் வைக்க வேண்டும். இடது கையின் கடைசி மூன்று விரல்களில் ஒன்றுகள், கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பத்துகள். வலது கைக்கு மாறினால் நூறுகளும் ஆயிரங்களும். அதற்கும் மேலே போனால் கையை மார்பிலும் இடுப்பிலும் வைத்து லட்சங்களைக் காட்டலாம். கடல் காற்று வீசும் அந்த மடத்தில் இளம் துறவிகள் உடம்பையே கணக்குப் பலகையாக்கிப் பழகியதை நினைத்துப் பார்க்கிறேன். கருவி என்று எதுவும் இல்லை. கை இருக்கிறது, மனப்பாடம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் 1613-இல் ரிச்சர்ட் பிராத்வெய்ட் எழுதிய ஒரு நூலில் அச்சேறியிருக்கிறது. அங்கே அது மனிதனைக் குறித்தது: கணக்கிடுபவன். அதற்குப் பிறகு 300 ஆண்டுகளுக்கு மேலாக அது மனிதர்களின் தொழிற்பெயராகவே இருந்தது. அந்தப் பெயருக்குரிய வேலை எப்படிப்பட்டது என்பதற்கு, பாரிஸில் ஒரு மேசையைச் சுற்றி மூன்றுபேர் உட்கார்ந்த நாட்களைச் சொல்ல வேண்டும்.

ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி, தான் பார்த்த வால்மீன் 1758 முடிவிலோ 1759 தொடக்கத்திலோ திரும்பும் என்று சொல்லிவிட்டு 1742-இல் இறந்துபோனார். வியாழனும் சனியும் அதை வழியில் இழுத்துத் தாமதப்படுத்தும். எத்தனை நாள் தாமதம் என்று கண்டுபிடிக்க 1757-இல் கணிதவாணர் கிளேரோ முனைந்தார். வானியலாளர் லலாந்தும், நிக்கோல்-ரேன் லெபோத்தும் அவரோடு சேர்ந்தார்கள். லெபோத் 1723-இல் பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனையில் பிறந்தவர்; கடிகாரம் செய்பவரின் மனைவி. ஊசலின் நீளத்துக்கும் அதன் அலைவுக்கும் உள்ள கணக்கை அட்டவணையாகப் போட்டுக் கணவரின் நூலில் சேர்த்தவர். ஆறு மாத காலம், காலை முதல் இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும்கூடக் கணக்கு நடந்தது. 150 ஆண்டுகளின் பாதையை வால்மீன், வியாழன், சனி மூன்றுக்கும் சிறு சிறு துண்டாக நகர்த்திக்கொண்டே வந்தார்கள். அந்த உழைப்பில் தன் உடல்நலம் வாழ்நாள் முழுவதற்கும் கெட்டுப்போனதாக லலாந்த் எழுதியிருக்கிறார். 618 நாள் தாமதம் என்று விடை வந்தது. 1758 நவம்பரில் கிளேரோ அதைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசித்தார்: ஏப்ரல் நடுவில் வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் வரும், ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். 1759 மார்ச் 13 அன்று வந்தது.

கிளேரோ பிறகு வெளியிட்ட வால்மீன் நூலில் லெபோத்தின் பெயர் இல்லை. முதலில் எழுதிய நன்றியை அவர் எடுத்துவிட்டார். அந்த அம்மாள் இல்லாவிட்டால் அந்த வேலையில் இறங்கவே துணிந்திருக்க மாட்டோம் என்று லலாந்த் பிற்காலத்தில் எழுதிவைத்ததால்தான் அவர் பங்கு நமக்குத் தெரிகிறது. அட்டவணையில் இருந்த எண்களில் எது அவர் கை எழுதியது என்று பிரித்துக்காட்ட இனி வழியில்லை. இந்தத் தொழிற்பெயரைச் சுமந்த பெண்களுக்கு அடுத்த இரு நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப நேர்ந்தது இதுதான்.

அந்த வால்மீனைக் கண்ணால் முதலில் கண்டது பாரிஸ் அல்ல. அங்கே வானியலாளர் மெஸ்ஸியே ஓர் ஆண்டுக்கு மேலாகத் தொலைநோக்கியோடு தேடிக்கொண்டிருந்தார். தப்பான வரைபடம் கையில் இருந்ததால் 1759 ஜனவரி 21 அன்றுதான் அவருக்கு அது அகப்பட்டது. ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தை அடுத்த புரோலிஸ் கிராமத்தில், யோகான் கியோர்க் பாலிட்ஷ் என்பவர் இருந்தார். தானாகப் படித்து வானியல் கற்றவர். லெபோத் பிறந்த அதே 1723-இல் பிறந்தவர். 1758 டிசம்பர் 25 அன்று இரவு, மீன ராசிப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியவர் அதற்கு முன் அங்கே இல்லாத மங்கலான ஒரு புகைப்புள்ளியைப் பார்த்தார். அவருக்குத் தொழில் விவசாயம்.

(தொடரும்)